மீதொட்டமுல்ல குப்பைமேடு: முதலில் எழுந்தது தரை

நிகழ்வும் இந்த ஆய்வின் நோக்கமும்

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. அன்று பிற்பகல், கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் மீதொட்டமுல்ல குப்பைமேட்டின் ஒரு பக்கம் சரிந்து, அடிவாரத்தில் இருந்த குடியிருப்பை அழித்தது. 32 உடல்கள் மீட்கப்பட்டன. 8 பேர் காணாமல் போனவர்களாகப் பதிவானார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் நொறுங்கின, அல்லது குடியிருக்க முடியாதபடி ஆயின. 1,700க்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது.

குப்பை மலை வீடுகள் மேல் விழுந்தது என்றுதான் இன்றைக்கும் பேச்சு. அது பாதி உண்மை. பல வீடுகளைக் குப்பை மேலிருந்து மூடவில்லை. அவை நின்ற நிலமே கீழிருந்து எழும்பி, அத்திவாரத்தோடு அவற்றைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. கேட்பதற்கு இது பொறியியலாளர்களின் நுணுக்கம் போலத் தோன்றும். ஆனால் எச்சரிக்கையை எங்கே தேடியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இதற்குள்தான் கிடக்கிறது.

உள்ளூராட்சி மன்றங்களில் கழிவு வேலை பார்ப்பவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், கிராம உத்தியோகத்தர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தனி ஆட்களின் பெயர் எதுவும் இதில் வராது. யார் எவ்வளவு பொறுப்பு என்று பார்க்க ஆணைக்குழு ஒன்று இருந்தது. இங்கே பார்ப்பது ஒரு முடிவு அடுத்த முடிவை எப்படி இழுத்துக்கொண்டு வந்தது என்பதை மட்டும்.

பின்னணி: இரண்டு ஏக்கர், தற்காலிகம்

மீதொட்டமுல்லவில் கொழும்பு வருவதற்கு முன்பே குப்பை இருந்தது. கொலன்னாவை நகர சபை தன்னுடைய குப்பையை அங்கே பழைய வயல் நிலத்தில் கொட்டிவந்தது. ஒரு சிறு நகர சபையின் குப்பை என்பதால் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. கொழும்பு மாநகரத்தின் குப்பை அந்த நாட்களில் வட கொழும்பில், துறைமுகத்துக்கு அண்மையில் இருக்கும் புளூமெண்டாலுக்குப் போனது. அதுவும் சன நெருக்கடியான, ஏழைகள் வாழும் பகுதி. அங்கும் குப்பை மலையாகி, நாற்றமும் ஈயும் தீயும் தாங்க முடியாமல் விவகாரம் நீதிமன்றம் போனது.

2009இல் உயர் நீதிமன்றத் தலையீட்டோடு புளூமெண்டால் மூடப்பட்டது. கொழும்பின் குப்பையை மீதொட்டமுல்லவில் இரண்டு ஏக்கர் நிலத்தில் தற்காலிகமாகக் கொட்ட வழி பிறந்தது. புளூமெண்டால் மக்களுக்கு அது நியாயமான தீர்ப்பு. அவர்களுடைய வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியும் அதுதான். ஆனால் ஒரு நகரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் குப்பை போடும்போது, ஓரிடத்தை மூடு என்றால் அதற்கு இன்னோரிடத்தைத் திற என்றுதான் அர்த்தம். திறந்த இடத்தில் இருந்தவர்கள் அந்த வழக்கில் தரப்பினராக இல்லை.

இரண்டு ஏக்கர் நாலாகி, எட்டாகி, 2017இல் சுமார் 20 ஏக்கர் ஆகியிருந்தது. பக்கவாட்டில் வீடுகள் தடுத்த இடத்தில் குப்பை மேலே போனது. உயரம் 300 அடி என்று செய்திகள் எழுதின. பின்னால் வந்த பொறியியல் கட்டுரைகள் சொல்வது ஏறத்தாழ அதில் பாதி. பாதியும் குறைவில்லை, பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. அங்கே 2 கோடி 30 இலட்சம் தொன் குப்பை இருப்பதாகப் பாராளுமன்றத்தில் எச்சரிக்கப்பட்டது என்று சர்வதேசச் செய்திகளில் வந்து, அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு 800 தொன் என்றால் வருடத்துக்கு 2 இலட்சத்து 92 ஆயிரம். எட்டு வருடத்துக்கு 23 இலட்சத்துச் சொச்சம். எங்கோ ஒரு சைபர் கூடிவிட்டது என்பது என் ஊகம். சின்னப் பிழைதான், ஆனால் அந்த மேட்டை யாரும் ஒழுங்காக அளந்து வைத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. எவ்வளவு வருகிறது, எவ்வளவு நிற்கிறது என்று மாதம் ஒருமுறை எழுதிவைத்த இடத்தில் பத்து மடங்குப் பிழை எட்டு வருடம் உயிரோடு இருக்காது.

மேட்டுக்குள் என்ன இருந்தது

ஐரோப்பியப் பாடநூல்களில் வரும் குப்பை காகிதமும் அட்டையும் நிறைந்த உலர்ந்த சரக்கு. கொழும்பின் குப்பை அப்படியல்ல. மரக்கறிக் கழிவு, மீன் கழிவு, பலாப்பழத் தோல், இளநீர்க் கோம்பை, மிச்சச் சோறு: எடையில் பாதிக்கு மேல் இப்படி அழுகும் சாமான்தான். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் மழையிலிருந்து வந்ததல்ல, குப்பை தன்னோடு கொண்டுவந்தது. அதற்கு மேல்தான் கொழும்பின் இரண்டு பருவமழையும்.

அப்புறம் லஞ்ச் சீட். மதியச் சோற்றுப் பார்சலைச் சுற்றித் தரும் அந்த மெல்லிய பொலித்தீன் தாள். ஒரு கை அகலம்தான், ஆனால் ஒவ்வொன்றும் மேட்டுக்குள் தட்டையாகப் படிந்து ஒரு சின்ன ஏந்துதட்டு மாதிரி ஆகிவிடும். மேலிருந்து இறங்கும் நீர் அதில் தங்கும், பக்கவாட்டில் வழியும், மறுபடி இன்னொரு தாளில் தங்கும். இப்படி இலட்சக்கணக்கான தாள்கள் சேர்ந்தால் மேடு தண்ணீரை வடிய விடாது, வயிற்றில் சுமந்துகொண்டு நிற்கும்.

அதே பொலித்தீன் இன்னொரு வேலையும் செய்யும். மண் சுவருக்குள் வைக்கோல் இருப்பது போல, பைகளும் கயிறுகளும் துணிகளும் குப்பையைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வெறும் மண் நிற்க முடியாத செங்குத்தில் குப்பை நிற்கிறது. பார்ப்பவருக்கு உறுதியாகத் தெரிகிறது. ஆனால் இந்தப் பின்னல் முழுப் பலத்தைக் காட்ட வேண்டுமானால் குப்பை நிறைய நகர வேண்டும். அவ்வளவு நகர்வதற்குள் அடியிலுள்ள மெல்லிய மண் தன் பலத்தை இழந்துவிடும். குப்பைமேடுகள் வருடக்கணக்கில் அசையாமல் நின்று திடீரென்று ஒரு பிற்பகலில் போவதற்கு இது ஒரு காரணம்.

கீழே ஊடுருவாத் தளம் எதுவும் போடப்படவில்லை. கசியும் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்க ஏற்பாடு இல்லை. வாயுவை வெளியே எடுக்கக் குழாய் இல்லை. காற்றில்லாமல் அழுகும் குப்பையில் மீதேன் உண்டாகும். நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கைவிட முக்கியம் அது தீப்பற்றும் என்பது.

அடியில் என்ன இருந்தது

சதுப்பு. மக்கிய செடிகொடிகளால் ஆன கறுப்பு மண், பொறியியலாளர்கள் பீட் என்று சொல்வது. களனி கங்கையின் வெள்ளநீர் பரவித் தங்கும் தாழ்நிலத் தொடரில் இது ஒரு துண்டு. கொழும்பைச் சுற்றி வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இந்த மண்ணைத் தெரியும். ஒரு மாடி வீட்டுக்கே பைல் இறக்குவதா, மண்ணை வெட்டி எடுத்து கிரவல் நிரப்புவதா என்று யோசிக்கிற மண்.

அதன் மேல் ஏற்றிய பாரத்தைக் கணக்குப் பார்க்கலாம். நெருக்கி அழுத்தப்பட்ட ஈரக் குப்பை ஒரு கன மீற்றர் ஏறத்தாழ ஒரு தொன். 40, 50 மீற்றர் உயரம் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் 40, 50 தொன். பத்துத் தொன் லொறி நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு மேசை அகலத்துக்குள் நிறுத்தின மாதிரி.

ரொட்டிக்குப் பிசைந்த மாவின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பாருங்கள். கைக்கு அடியில் மாவு இறங்கும். கையைச் சுற்றி ஓரத்தில் எழும். மீதொட்டமுல்லவில் உள்ளங்கை குப்பைமேடு. ஓரத்தில் எழுந்த மாவின் மேல் வீடுகள் இருந்தன.

சதுப்பைக் குப்பைக்குக் கொடுப்பது இலங்கையின் தனிப் பழக்கமில்லை. சென்னையின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல்தான் வளர்ந்தது. தாழ்நிலம் விலை குறைவு, உரிமை கொண்டாடுபவர் குறைவு, நிரப்பினால் பிறகு நிலமாகும் என்ற ஆசை வேறு. வெள்ளத்தைத் தாங்குவதுதான் அந்த நிலத்தின் வேலை என்பது வெள்ளம் வரும்போதுதான் ஞாபகம் வரும். 2016 மே மாதம் களனி பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நாட்கணக்கில் நீரில் கிடந்தன. அடித்தளம் இல்லாத குப்பைமேட்டைச் சுற்றி நிற்கும் வெள்ளம் வெறும் வெள்ளமல்ல. அதைக் கடந்து நடந்தவர்கள் கறுத்த கழிவுநீரைக் கடந்து நடந்தவர்கள்.

சரிவுக்கு முன் தெரிந்தவை

குடியிருப்பாளர்கள் பல வருடம் போராடினார்கள். வீதியை மறித்தார்கள், மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். அவர்களுடைய முறைப்பாடுகளில் நாற்றம், ஈ, நுளம்பு, பிள்ளைகளின் தோல் நோய், இருமல் எல்லாம் இருந்தன. இவை எந்தக் குப்பைமேட்டின் அடிவாரத்திலும் கேட்கக் கிடைப்பவை. அதனாலேயே அதிகாரிகளின் காது அவற்றுக்குப் பழகிவிட்டது.

இவற்றோடு கலந்து இன்னொரு வகை முறைப்பாடும் இருந்தது. சுவர் வெடிக்கிறது. தரை மேலே எழும்புகிறது. சரிவு நடந்த பின் எடுக்கப்பட்ட சாட்சியங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது: மேடு விழுவதற்கு முன்பே நிலம் அசைந்ததை மக்கள் கண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டின் சுவர் வெடிப்புக்குப் பல காரணம் இருக்கலாம். மலிவான சீமெந்து, அத்திவாரக் குறைபாடு, ஈரம். அத்திவாரம் இறங்கினால் சுவர் வெடிக்கும், அது வழக்கமானது. ஆனால் சீமெந்துத் தரை நடுவில் முதுகு வளைந்து எழுவது வழக்கமானதல்ல. வீட்டுக்குள் அவ்வளவு பாரம் இல்லை. கீழிருந்து ஏதோ தள்ளினால் ஒழியத் தரை எழாது. நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இடித்தால், அதே மாதத்தில் பக்கத்து வீட்டிலும் இடித்தால், அது தச்சரைக் கூப்பிடும் விஷயமல்ல.

என் வாசிப்பில், நிர்வாகம் இந்தத் தகவலை மறைத்தது என்று சொல்வதைவிட, அதை வைப்பதற்கு ஒரு கோப்பே அதனிடம் இருக்கவில்லை என்பது சரி. நாற்றம் சுகாதாரப் பிரிவுக்குப் போகும். சுவர் வெடிப்பு நட்டஈட்டுப் பிரிவுக்குப் போகும். மேட்டின் உயரம் கழிவுப் பிரிவின் கவலை. ஒரே மேட்டின் மூன்று அறிகுறிகளை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் நியமிக்கப்படவில்லை. மேட்டை அண்ணாந்து பார்ப்பவர்களே எல்லோரும். வீட்டுத் தரையைக் குனிந்து பார்த்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் மட்டும்.

எடுத்த முடிவுகள், தள்ளிப்போட்ட முடிவுகள்

முதல் முடிவு 2009இல் இடத்தை மாற்றியது. அதைச் சொல்லியாயிற்று.

இரண்டாவதை முடிவு என்று சொல்வதே கஷ்டம். இரண்டு ஏக்கர் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு. ஆனால் எந்த நாளிலும் யாரும் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்து "இன்றிலிருந்து மூன்றாவது ஏக்கர்" என்று சொல்லவில்லை. லொறி வந்தது, இடம் வேண்டியிருந்தது, டோசர் தள்ளியது. காலை ஆறு மணிக்கு நகரத்தில் குப்பை எடுக்காமல் விட்டால் ஒன்பது மணிக்குத் தொலைபேசி அலறும். மேட்டின் சரிவுக் கோணம் கூடினால் யாரும் போன் பண்ண மாட்டார்கள்.

மூன்றாவது, மாற்று இடம். புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டில், சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பழைய குழியில் ஒழுங்கான நிலநிரப்பு அமைத்து ரயிலில் குப்பையை அனுப்பும் யோசனை 2017க்கு வெகு முன்பே இருந்தது. செலவு, ஆட்சி மாற்றம், புத்தளத்து எதிர்ப்பு என்று அது தள்ளிப்போனது. தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் மீதொட்டமுல்லவில் இருபத்தி நாலாயிரம் தொன்.

நான்காவது, மக்களை நகர்த்துவது. மேட்டுக்கு மிக அண்மையில் இருந்த சில குடும்பங்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. மற்றவர்களுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது லேசு. பிள்ளையின் பள்ளிக்கூடம் இங்கே, நாட்கூலி வேலை கொழும்பில், வீட்டுக்கு உறுதி இல்லாதவருக்கு நட்டஈடு கிடைக்குமா என்பது சந்தேகம். குப்பை நாற்றம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வரும் கஷ்டம். வாடகை முதல் மாதமே முழுசாக வரும் கஷ்டம். ஆபத்து எவ்வளவு, எப்போது என்று யாரும் திட்டவட்டமாகச் சொல்லாதபோது அவர்கள் போட்ட கணக்கில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உலகில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. பிலிப்பைன்ஸின் பயாத்தாஸ் மேடு 2000 ஜூலையில் பெருமழைக்குப் பின் சரிந்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தோனேசியாவின் லியூவிகஜா 2005 பெப்ரவரியில், 140க்கும் மேற்பட்டோர். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் கோஷே, 2017 மார்ச் 11, நூற்றுக்கும் மேற்பட்டோர். அது மீதொட்டமுல்லவுக்கு ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு முன். ஒழுங்கில்லாத உயரம், அடிவாரத்தில் ஏழைகளின் வீடுகள் என்ற சேர்க்கை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஏப்ரல் 14

அதற்கு முன்னைய நாட்களில் மழை பெய்திருந்தது. புத்தாண்டு என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தார்கள். சிலர் உறவினர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள், அதனால் தப்பினார்கள். பால் பொங்கி, பலகாரத் தட்டு வைத்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

சரிந்த பகுதியின் பாரம் அடியிலிருந்த பீட் மண்ணை முன்னால் தள்ளியது. மண் வீடுகளுக்கு அடியால் போய் மேலே வந்தது. குப்பை பின்னால் தொடர்ந்தது. வீடுகள் சாய்ந்தன, ஒன்றோடொன்று மோதின, பாதி புதைந்தன. தீயும் பிடித்தது.

இராணுவத்தினர் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பெக்கோ இயந்திரங்கள் வந்தன. மீட்பில் ஒரு சங்கடம் இருந்தது, இதை மற்ற ஊர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மண்சரிவில் அடிவாரத்தைத் தோண்டினால் மேலே எஞ்சி நிற்பதற்கு இருக்கும் கடைசித் தாங்கலையும் எடுக்கிறோம். தோண்டாவிட்டால் உள்ளே இருப்பவர் போய்விடுவார். இரண்டாவது சரிவு வரலாம் என்ற பயத்தோடும், மீதேன் கசியும் இடத்தில் இயந்திரம் ஓட்டும் பயத்தோடும்தான் தேடினார்கள். சுற்றியிருந்த வீடுகளில் இருந்தவர்கள் பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஜப்பானிலிருந்து நிபுணர் குழு ஒன்று வந்து பார்த்து ஆலோசனை சொன்னது.

குப்பை கொட்டுவது அன்றோடு நின்றது. எட்டு வருடம் முடியாதது ஒரு பிற்பகலில் முடிந்தது.

அதன் பின் வந்த மாதங்கள்

கொழும்புக்கு மறுநாளும் 800 தொன் இருந்தது. கரதியான, கெரவலப்பிட்டிய என்று லொறிகள் திசை மாறின. போகுமிடமெல்லாம் எதிர்ப்பு. மீதொட்டமுல்லவைத் தொலைக்காட்சியில் பார்த்த எந்த ஊர்தான் கொழும்புக் குப்பையை வா என்று சொல்லும்? ஒரு வாரத்துக்குள் அரசாங்கம் அதிவிசேட வர்த்தமானி மூலம் கழிவகற்றலை அத்தியாவசிய சேவையாக்கியது. தடுப்பவர்களைப் பிடியாணை இல்லாமலே கைது செய்ய அதில் இடம் இருந்தது. நகரம் நாறும்போது அரசாங்கத்துக்கு வேறு வழி தெரியவில்லை என்பது புரிகிறது. ஆனாலும், மக்களின் முறைப்பாட்டைக் கேட்காததால் வந்த அனர்த்தத்துக்கு அடுத்த வாரமே முறைப்பாடு செய்பவரைக் கைது செய்யும் அதிகாரம் என்பது எனக்கு இன்றும் இடறுகிறது.

தெருக்களில் குப்பை தேங்கியது. அந்த வருடம் இலங்கை அதுவரை கண்டிராத டெங்குத் தொற்று: 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், 400க்கும் மேற்பட்ட மரணங்கள். எல்லாவற்றையும் குப்பையின் தலையில் போட முடியாது. மழை இருந்தது, வைரஸின் வகை மாறியிருந்தது. ஆனால் மழைநீர் தேங்கிய அள்ளாக் குப்பை நுளம்பு பெருகும் இடங்களில் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனமும் அப்போது சுட்டிக்காட்டியது. இறுதிச் சடங்கு முடிந்த ஒரு நிகழ்வு இன்னொரு வழியால் நகரத்துக்குள் திரும்பி வந்தது போல.

நல்லதும் நடந்தது. கொழும்பு மாநகர சபை தரம் பிரித்த குப்பையைத்தான் எடுப்போம் என்று பிடிவாதமாக நின்றது. உக்கும் குப்பை தனி, உக்காதது தனி. பல வருடம் துண்டுப் பிரசுரத்தில் இருந்தது சில மாதத்தில் பழக்கத்துக்கு வந்தது. 2017 செப்டம்பர் 1 முதல் மெல்லிய பொலித்தீன் பைகள், லஞ்ச் சீட், ரெஜிஃபோம் பெட்டி ஆகியவற்றுக்குத் தடை வந்தது. தடை எவ்வளவு தூரம் ஓடியது என்பதைச் சோற்றுப் பார்சல் வாங்குபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்து அறிக்கை கொடுத்தது. எஞ்சிய மேடு சரிவு குறைத்து, மண்ணால் மூடி, வாயுக் குழாய்களும் வடிகாலும் போட்டு நிலைப்படுத்தப்பட்டது. வீடிழந்தவர்களுக்கு அடுக்குமாடிகளில் வீடுகள் கிடைத்தன.

குப்பை எங்கே போனது

அருவக்காடு 2019 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. கொழும்புக்கு அண்மையிலுள்ள களனி நகரில் இருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர். அதற்கு முன்னர் புத்தளத்தில், பெரும்பாலும் தமிழ் பேசும் மக்கள், மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சீமெந்துத் தொழிற்சாலையின் தூசு ஒரு பக்கம், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பல் இன்னொரு பக்கம், மூன்றாவதாகக் கொழும்பின் குப்பையா என்பது அவர்களின் கேள்வி. வில்பத்து தேசிய பூங்காவும் பக்கத்தில். தொழில்நுட்ப ரீதியில் அருவக்காடு மீதொட்டமுல்ல இல்லை: ஊடுருவாத் தளம் உண்டு, கழிவுநீர் சேகரிப்பு உண்டு. ஆனாலும் அதே வருடம் ஒக்டோபரில் அங்கே ஒரு வெடிப்பு நடந்தது. மீதேன் சேர்ந்ததே காரணம் என்று பேசப்பட்டது. புத்தளத்துக்காரருக்கு நம்பிக்கை வருவதற்கு இருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் அதோடு போனது.

2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியவில் நாட்டின் முதல் குப்பை மின்நிலையம் திறந்தது. நாளொன்றுக்குச் சுமார் 700 தொன் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் தரும் அளவுக்கு அமைக்கப்பட்டது. கொழும்பின் குப்பைக்கு இப்போது பெரிய வாய் அதுதான். ஈரக் குப்பை எரியாது, எரிந்தாலும் தன் தண்ணீரைக் காய்ச்சுவதிலேயே சூட்டைச் செலவழிக்கும். ஆகவே பலாத்தோலையும் இளநீர்க் கோம்பையையும் வீட்டு வாசலிலேயே பிரிக்கும் வேலை இந்த நிலையத்தால் குறையவில்லை. எரித்த பின் மிஞ்சும் சாம்பலுக்கும் ஓர் இடம் வேண்டும்.

இன்னொரு தரம் செய்வதானால்

தற்காலிகம் என்ற சொல்லை அனுமதிப் பத்திரத்தில் எழுதக் கூடாது. அதற்குப் பதில் ஓர் எண் எழுத வேண்டும். இத்தனை கன மீற்றர், இத்தனை மீற்றர் உயரம், அதற்கு மேல் ஒரு லொறியும் இல்லை. திகதியைப் போட்டால் நீட்டிப்பு வாங்கிவிடுவார்கள். உயரத்தை யாரும் நீட்டிப்பு வாங்கி மறைக்க முடியாது, சங்கிலியும் மட்டக்கருவியும் வைத்து எவரும் அளக்கலாம்.

இடத்தைத் தெரிவு செய்யும் முன் மண்ணைத் துளைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாடிக் கடைக்குக் கேட்கும் மண் பரிசோதனை அறிக்கையைப் பதினைந்து மாடிக் குப்பைக்குக் கேட்காமல் விட்டது எப்படி என்று கேட்டால் பயிற்சி வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு தங்கள் ஊரில் அந்த அறிக்கை இருக்கிறதா என்று யோசிப்பார்கள். சிரிப்பு நின்றுவிடும்.

வெளியேற்றும் அதிகாரம் கீழ்மட்டத்தில் இருக்க வேண்டும். நிலம் இவ்வளவு நகர்ந்தால் கிராம உத்தியோகத்தர் அன்றிரவே ஆட்களை எழுப்பலாம், பிறகு மேலிடத்துக்கு அறிவித்தால் போதும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நட்டஈட்டுப் பேச்சையும் உயிர் காக்கும் வெளியேற்றத்தையும் ஒரே கோப்பில் கட்டக் கூடாது. வெளியேறினால் உரிமை போய்விடுமோ என்று பயப்படுபவர் வெளியேற மாட்டார்.

கண்காணிப்புக்கு விலையுயர்ந்த கருவிகள் உண்டு. நீரழுத்தம் பார்க்கும் குழாய்கள், சரிவு அசைவு அளக்கும் கம்பிகள். கிடைத்தால் போட வேண்டும். கிடைக்கும்வரை கட்டடக்காரர்களின் பழைய முறை ஒன்று இருக்கிறது. சுவர் வெடிப்பின் குறுக்கே ஒரு விரல் நீளக் கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சீமெந்து வைத்து ஒட்டிவிட்டு, பக்கத்தில் பென்சிலால் திகதியை எழுதுவது. வெடிப்பு பழையதாய் நின்றுபோனது என்றால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அடிவார வீடுகள் இருபதில் இதை ஒட்டிவிட்டு, சனிக்கிழமை தோறும் ஒருவர் நடந்து பார்த்தால் போதும். ஒரே வாரத்தில் மூன்று வீட்டுக் கண்ணாடி உடைந்தால் அன்றைக்கே லொறிகளை நிறுத்தி, ஆட்களைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, பிறகு பொறியியலாளரைக் கூப்பிடலாம்.